நடு இருக்கை

எங்கள் குடும்பம் எந்த வண்டியில் ஏறினாலும் நடு இருக்கை எனக்குத்தான். இந்தப் பக்கம் அம்மா, அந்தப் பக்கம் அப்பா, நடுவில் நான். மற்ற வீடுகளில் நடுவில் சின்னக் குழந்தையை உட்கார வைப்பார்கள். எங்கள் வீட்டில் இருபத்தெட்டு வயதுக் குழந்தையை உட்கார வைக்கிறார்கள். ஜன்னல் கிடையாது, காலை நீட்ட முடியாது, சாய்ந்து கண்ணை மூடவும் முடியாது. மூடினால் யாராவது ஒருவர் முழங்கையால் இடிப்பார்.

“செம்மொழி, அப்பாவுக்கு ஏசி குளிருதான்னு கேளு.”

“குளிரலன்னு சொல்லு பாப்பா.”

அப்பா சொன்னது அம்மாவுக்குக் கேட்டிருக்கும். நடுவில் இருப்பது என் ஒருத்தியின் அகலம்தான். ஆனாலும் நான் சொல்லியாக வேண்டும். “குளிரலையாம்மா.” அதற்குப் பிறகுதான் அம்மா ஜன்னல் பக்கம் திரும்புவாள்.

அன்றைக்கு நான் கும்பகோணத்தில் நைட் டியூட்டி முடித்துவிட்டு, நர்ஸ் உடுப்பைப் பையில் திணித்துக்கொண்டு, அப்படியே காரில் ஏறியவள். மறுநாள் திருக்கடையூரில் அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம். சென்னையிலிருந்து அண்ணன் அன்பரசன் விடியற்காலை வருவதாகச் சொல்லியிருந்தான். வேலையெல்லாம் முடிந்த பிறகு வந்து போட்டோவில் நிற்பதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது.

அப்பா இளையபெருமாளும் அம்மா கண்ணாத்தாளும் நான் ஏழாம் வகுப்பு படித்தபோது பேச்சை நிறுத்தியவர்கள். பிரிந்துவிடவில்லை. பாபநாசத்துக்குப் பக்கத்தில் ஒரே வீடு, ஒரே அடுப்பு, ஒரே வயல். அம்மா ஆக்கியதைத்தான் அப்பா சாப்பிடுவார். அப்பாவுக்குக் காய்ச்சல் வந்தால் அம்மாதான் கஷாயம் வைப்பாள். பேச்சு மட்டும் என் வழியாகப் போய் என் வழியாகவே திரும்பி வரும்.

காரணம் ஊருக்கே தெரியும். திருப்பனந்தாளுக்குப் பக்கத்தில் அம்மாவின் அப்பா இறந்த அன்று, மருமகன் வந்தால்தான் எடுப்போம் என்று உடலை வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். அப்பா வரவில்லை. அன்றைக்கு வாய்க்காலில் எங்கள் வயலுக்குத் தண்ணீர் முறை. அதுவரை எங்கள் குடும்பத்தில் எல்லோரும் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள். சொந்தமாக வயல் என்று வந்து, அதில் முதல் குறுவை. அப்பா மடையில் நின்று தண்ணீர் பாய்ச்சிவிட்டு, காலில் சேற்றோடு வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். அத்தோடு சரி. கொஞ்ச நாளில் எல்லாம் சரியாகிவிடும் என்று உறவுக்காரர்கள் சொல்லிவிட்டுப் போனார்கள். சரியானது ஒன்று மட்டும்தான்: யார் சொன்னதை யாருக்கு எப்படிச் சொல்ல வேண்டும் என்பதில் எனக்குக் கை வந்த பழக்கம்.

அந்தப் பழக்கத்தில் கொஞ்சம் கைவேலையும் உண்டு. “அந்த மனுஷனுக்கு வயித்துல பசியே கிடையாதா, சோறு ஆறி ஐஸாப் போவுது” என்று அம்மா சொன்னால், “அப்பா, சாப்பிட வாங்களாம்” என்று போய்ச் சொல்வேன். “உப்புக்கு ஊருல பஞ்சமா?” என்று அப்பா கேட்டால், “குழம்பு நல்லா இருக்காம், உப்பு மட்டும் ஒரு கல்லு கம்மியாம்” என்று வந்து சொல்வேன். எல்லாவற்றையும் கழுவித் துடைத்துத்தான் கொடுப்பேன். இல்லாவிட்டால் அந்த வீடு என்றைக்கோ இரண்டாகியிருக்கும் என்று எனக்கு ஒரு நினைப்பு.

அடுத்த மாதம் நான் ஜெர்மனிக்குப் போகிறேன். மொழித் தேர்வு எழுதி, பாஸாகி, அங்கே ஒரு ஆஸ்பத்திரியில் வேலையும் உறுதியாகிவிட்டது. நான் போன பிறகு அந்த வீட்டில் இரண்டே பேர். அம்மாவுக்கு நெஞ்சு வலித்தால் யாரிடம் சொல்வாள்? அப்பா வயலில் வழுக்கி விழுந்து வந்தால் யாரிடம் கேட்பார்? இதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை. அண்ணனிடம் சொன்னேன். அவன் அன்று மாலையே ‘நம்ம வீடு’ என்று ஒரு வாட்ஸப் குரூப் ஆரம்பித்தான். அம்மாவுக்கு அதில் பூப் படம் அனுப்பத்தான் தெரியும். அப்பா ஒரே ஒரு முறை அதில் எழுதினார்: “பாப்பா, மோட்டார் சுவிட்சை அணைக்கச் சொல்லு.” அன்றைக்கு நான் ஆபரேஷன் தியேட்டரில் நின்றுகொண்டிருந்தேன்.

அறுபதாம் கல்யாணத்திலாவது பேசிவிடுவார்கள் என்று நினைத்துத்தான் ஏற்பாடு செய்தேன். அம்மாவிடம் சம்மதம் கேட்டபோது, “தாலி கட்டணும்னா கட்டச் சொல்லு” என்றாள். அதையும் நான்தான் போய்ச் சொன்னேன்.

திருக்கடையூரில் லாட்ஜ் அறை மாலையில்தான் கிடைக்கும் என்றார்கள். கார் ஓட்டி வந்த மூஸா, “அக்கா, பூம்புகார் பக்கம்தான். போட்டுல போய் பழைய ஊரெல்லாம் பாத்துட்டு வரலாம்” என்றார். எனக்கு எங்கேயாவது படுத்தால் போதும் என்றிருந்தது. ஆனால் லாட்ஜ் வரவேற்பறையில் இந்த இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்திருப்பதை நினைத்ததும், “போங்கண்ணே” என்றேன்.

பழைய ஊர் என்றால் வழியில் முதலில் வந்தது கம்பி வேலி போட்ட ஒரு பள்ளம். உள்ளே செங்கல் கட்டடம், அந்தக் காலத்துப் படகுத் துறையாம். கப்பல் வந்து நின்ற ஊருக்கு இதுதான் அடையாளம். சுற்றிலும் வயல். கடல் எங்கேயோ இருந்தது.

“நம்ம வாய்க்கா மதகு மாதிரிதான் இருக்குன்னு அம்மாகிட்ட சொல்லு” என்றார் அப்பா.

“மதகைப் பாக்கறதுக்கா இத்தனை தூரம்னு கேளு” என்றாள் அம்மா.

“அம்மாவுக்குப் பிடிச்சிருக்காம்பா” என்றேன்.

அப்புறம் காவிரி கடலில் சேருகிற இடம். எங்கள் ஊர்ப் பக்கம் அகலமாக ஓடுகிற ஆறு, இங்கே வந்து சேரும்போது ஒல்லியாக, மணல் திட்டில் முட்டிக்கொண்டு நின்றது. அதுவும் என்னைப் போல நைட் டியூட்டி முடித்து வந்த மாதிரி இருந்தது. அக்கரைக்குத் தோணி விட்டார்கள். பலகையில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். நான் நடுவில். தோணிக்காரர் கழியை ஊன்றித் தள்ளிக்கொண்டே, அந்தக் காலத்துப் பெரிய கடைத்தெரு எங்கே, வியாபாரிகள் வீடு எங்கே என்று கையை நீட்டி நீட்டிக் காட்டினார். அவர் காட்டிய இடத்தில் எல்லாம் கருவேல மரமும் காய்கிற வலையும்தான் இருந்தன. அப்பா தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். அம்மா கொட்டாவி விட்டாள். அதைப் பார்த்து நானும் விட்டேன்.

அக்கரை மணலில் ஒரு ஃபைபர் போட் நின்றது. அதன் சொந்தக்காரர் ஜெயபால், நாற்பது வயது இருக்கும். விடியற்காலையில் மீனுக்குப் போய் வந்து, பகலில் ஆட்களைக் கடலுக்குள் கூட்டிப்போய், மூழ்கிய ஊருக்கு மேலே படகை நிறுத்திக் காட்டுகிறவர். அவர் கண்ணிலும் தூக்கம் பாக்கி இருந்தது. அதனாலேயே அவரை எனக்குப் பிடித்துவிட்டது.

“செருப்பைக் கழட்டிட்டு ஏறுங்க. போட்டு எங்களுக்குச் சாமி மாதிரி” என்றார். பிறகு எங்களை எண்ணிப் பார்த்தார். “லைஃப் ஜாக்கெட் ரெண்டுதான் இருக்கு. ஒண்ணு பட்டி அறுந்து தைக்கப் போயிருக்கு. ஜாக்கெட் இல்லாம ஏத்த மாட்டேன்.”

எனக்கு அந்த அறுந்த பட்டியைக் கும்பிடலாம் போல இருந்தது.

“நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க. நான் இங்கயே இருக்கேன்.”

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தார்கள். பாலர் வகுப்பில் முதல் நாள் விட்டுவிட்டு வரும்போது பிள்ளைகள் பார்க்குமே, அந்தப் பார்வை.

“நீ வராம எப்படி?” என்றாள் அம்மா.

“பாப்பா வரலைன்னா வேணாம்” என்றார் அப்பா.

“பணம் குடுத்தாச்சு, ஏறுங்க” என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. ஜெயபால் ஒருவரை இந்தப் பக்கமும் ஒருவரை அந்தப் பக்கமும் எதிரெதிரே உட்கார வைத்தார். பாரம் சமமாக இருக்க வேண்டுமாம். நடுவில் யாரும் இல்லை. நடு பலகை காலியாகப் போனது.

நான் ஒரு கட்டுமரத்தின் நிழலில், பையைத் தலைக்கு வைத்துக்கொண்டு படுத்தேன். கண் சொருகியது. போன் அடித்தது. அப்பா.

“பாப்பா, அலை தூக்கிப் போடுது. அம்மாவைக் கம்பியைப் பிடிச்சுக்கச் சொல்லு.”

போனுக்குள்ளேயே அம்மாவின் குரலும் கேட்டது. “நான் பிடிச்சுக்கிட்டுதான் இருக்கேன்னு சொல்லு.”

“அப்பா, அம்மா பிடிச்சுக்கிட்டுதான்…” என்று வாய் தன்னால் ஆரம்பித்தது. பாதியில் நிறுத்தினேன். என்ன செய்துகொண்டிருக்கிறேன் நான்? கரையில் படுத்துக்கொண்டு, கடலில் எதிரெதிரே உட்கார்ந்திருக்கும் புருஷன் பெண்டாட்டிக்குப் போனில் சேதி சொல்கிறேன். ஜெர்மனிக்குப் போனாலும் இதுதான் நடக்கும். ராத்திரி பகல் பாராமல் அடிப்பார்கள். அம்மாகிட்ட சொல்லு, அப்பாகிட்ட சொல்லு. எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது.

“அப்பா, அம்மா உங்க முன்னாடிதான் உக்காந்திருக்காங்க. நான் இல்ல. இனிமே நான் இல்ல.”

போனை அணைத்துப் பைக்குள் போட்டேன்.

போட்ட உடனேயே பயம் வந்தது. எழுந்து உட்கார்ந்து பார்த்தேன். படகு சின்னதாகத் தெரிந்தது. பிறகு என்ஜின் சத்தம் நின்றுபோனது. மூழ்கிய ஊருக்கு மேலே நிறுத்துவார் என்று தெரியும். ஆனால் இவ்வளவு நேரமா நிறுத்துவார்? படகு அங்கேயே ஆடிக்கொண்டு நின்றது. கோபத்தில் அம்மா ஏதாவது செய்துவிட்டாளா? அப்பாவுக்கு மயக்கமா? போனை எடுத்து, மறுபடி உயிர் கொடுத்து, கையில் வைத்துக்கொண்டு நின்றேன். யாரும் கூப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

ஒருவழியாக என்ஜின் சத்தம் வந்தது. கரைக்குப் பக்கத்தில் வந்ததும் ஜெயபால் அதை அணைத்தார். அணைத்ததும் அம்மாவின் குரல் தண்ணீருக்கு மேலே தெளிவாகக் கேட்டது.

“…நான் ஒண்ணும் கல்லு கிடையாது!”

“நான் கல்லுன்னு சொன்னேனா?” இது அப்பா.

நான் முட்டியளவு தண்ணீரில் ஓடினேன். அம்மாவின் முகம் வெளுத்திருந்தது. அப்பாவின் வேட்டி முன்பக்கம் முழுக்க நனைந்து, வாந்தி நாற்றம் அடித்தது. நான் கையை நீட்டினேன். அம்மா என் கையைப் பார்க்கவில்லை. அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கி, மணலில் நடந்துகொண்டே சண்டையைத் தொடர்ந்தாள்.

ஜெயபால் கயிற்றைக் கட்டிக்கொண்டே என்னிடம் சலித்துக்கொண்டார். “என்னம்மா உங்க அப்பா அம்மா! இந்த எடத்துலதான் ஊரு இருந்துச்சு, பாருங்கன்னு என்ஜினை நிறுத்தறேன். உங்க அப்பா என்னைப் பாத்து, அவங்களுக்குத் தலை சுத்துதான்னு கேளுங்கங்கிறாரு. உங்க அம்மா என்னைப் பாத்து, சுத்தலன்னு சொல்லுங்கங்கிறாங்க. எனக்கு வந்துச்சே கோவம். நான் போட்டு ஓட்டறதா, தபால் குடுக்கறதா? நீங்களே பேசிக்கிட்டாத்தான் என்ஜினை எடுப்பேன்னு கையைக் கட்டிக்கிட்டு உக்காந்துட்டேன்.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன, நிறுத்தின போட்டு ஆடுமில்ல? அம்மாவுக்கு வாந்தி வந்துருச்சு. அப்பா தாவிப் போய்ப் பிடிச்சுக்கிட்டாரு. விடுங்க, வேட்டியில படும்னாங்க. பட்டா படட்டும்னாரு. அதுல ஆரம்பிச்சதுதான். ஊரையும் பாக்கல ஒண்ணையும் பாக்கல.”

விடுங்க, வேட்டியில் படும். இத்தனை வருடத்துக்குப் பிறகு அம்மா அப்பாவிடம் நேராக முதலில் சொன்னது அதுதான்.

நான் அவர்கள் பின்னால் போனேன். கட்டுமரத்துப் பக்கத்தில் அம்மா உட்கார்ந்துவிட்டாள். அப்பா நின்றார்.

“எங்கப்பா பொணம் உங்களுக்காகக் காத்துக் கெடந்துச்சு” என்றாள் அம்மா. “மருமவன் வரட்டும், மருமவன் வரட்டும்னு ஒவ்வொருத்தர் மூஞ்சியாப் பாத்துக்கிட்டு நான் உக்காந்திருந்தேன்.”

“எனக்குத் தெரியாதா?”

“தெரிஞ்சும் வரல.”

“மடையை விட்டு நகந்தா மேல் வயக்காரன் அடைச்சிருப்பான். நமக்குன்னு வந்த மொத வயலு. அது காஞ்சா ஊரே சிரிக்கும், இவனுங்களுக்கு எதுக்கு வயலுன்னு.” அப்பா மூச்சு வாங்கினார். “சாவறதுக்கு மொத வாரம் உங்கப்பா என் கையப் பிடிச்சுக்கிட்டு சொன்னாரு. மாப்ள, நான் ஆயுசு முழுக்க அடுத்தவன் வயலுக்குத் தண்ணி கட்டுனேன், உன் வயலுக்குத் தண்ணி வர்ற அன்னைக்கு எவன் செத்தாலும் நகராதேன்னு.”

அம்மா அப்படியே நிமிர்ந்து பார்த்தாள்.

“இதை ஏன் இத்தனை நாளா சொல்லல?”

“நீ பேசினியா?”

“செம்மொழிகிட்ட சொல்லி விட்டிருக்கலாமில்ல? எல்லாத்தையும் அவகிட்டதானே சொல்லிவிட்டீங்க?”

அப்பாவின் குரல் உடைந்தது. “உப்பு இல்லன்னு சொல்லிவிடலாம். மோட்டாரை அணைன்னு சொல்லிவிடலாம். மாமா செத்துட்டாருன்னு சேதி வந்ததும் நான் மடையில உக்காந்து மண்வெட்டியைக் கட்டிக்கிட்டு அழுதேன்னு, ஏழாவது படிக்கிற புள்ளைகிட்டயா சொல்லிவிட முடியும்?”

அத்தனை வருடமாக எத்தனை ஆயிரம் வார்த்தைகளை இங்கிருந்து அங்கே சுமந்திருக்கிறேன். வேண்டிய ஒரு வார்த்தை என்னிடம் வரவே இல்லை. நான் நடுவில் உட்கார்ந்திருந்ததால்தான் வரவில்லை. வீட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன் என்று நினைத்தேன். வழியை அடைத்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

அம்மா முந்தானையால் வாயைத் துடைத்தாள். சமாதானமாகிவிட்டாள் என்று நான் நினைத்தபோது, “ஆனாலும் வந்திருக்கணும்” என்றாள்.

அப்பா அவளுக்கு எதிரே மணலில் உட்கார்ந்தார். “வந்திருக்கணும்” என்றார்.

திரும்பி வரும் தோணியில் நான் ஏறுவதற்குள் இரண்டு பேரும் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இடம் இல்லை. நான் தோணிக்காரர் காலடியில் உட்கார்ந்தேன். காரிலும் பின்னால் இரண்டு பேரும் ஏறிக்கொண்டார்கள். ஒரு நிமிடம் எந்தக் கதவைத் திறப்பது என்று தெரியாமல் நின்றேன். பிறகு முன் கதவைத் திறந்து மூஸாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அங்கே ஜன்னல் இருந்தது. காலை நீட்ட இடம் இருந்தது.

பின்னால் சண்டை நடந்துகொண்டே வந்தது. “சோறு ஆறுதுன்னா அப்படியா சொல்லிவிடுவ? பாப்பா ஒரு நாளும் அப்படிச் சொன்னதில்லையே” என்று அப்பா அதிர்ந்தார். “நீங்க மட்டும் குழம்பு நல்லா இருக்குன்னு சொன்னீங்களாக்கும்?” என்று அம்மா கேட்டாள். “எந்தக் காலத்துல?” என்றார் அப்பா. என் கைவேலை ஒவ்வொன்றாக வெளியே வந்தது. யாராவது என்னை விசாரிப்பார்கள் என்று காத்திருந்தேன். யாரும் விசாரிக்கவில்லை. செம்மொழி, சொல்லு என்று யாரும் கூப்பிடவில்லை. நிம்மதியாகத்தான் இருந்தது. கொஞ்சம் பயமாகவும் இருந்தது. வேலை போன மாதிரி.

ஜன்னலில் தலையைச் சாய்த்தேன். வயல்கள் போய்க்கொண்டே இருந்தன. குறுவை கதிர் வாங்கும் பருவம். எப்போது கண் மூடினேன் என்று தெரியாது.

கார் எங்கேயோ நின்றிருந்தது. என் தோளை அம்மாவின் விரல்கள் தொட்டன. பாதித் தூக்கத்தில் அவள் குரல் கேட்டது.

“செம்மொழி, அப்பாகிட்ட…”

“அவளை எழுப்பாத கண்ணாத்தா. தூங்கட்டும். களைச்சுப் போயிருக்கா.” அப்பாவின் குரல் தாழ்ந்து வந்தது. “என்ன வேணும்? எங்கிட்ட சொல்லு.”

விரல்கள் தோளிலிருந்து விலகின. நான் கண்ணைத் திறக்கவே இல்லை.